சங்கத்தின் செய்தி யாருடைய சொத்து?

கூட்டுறவுச் சங்கமொன்றின் சொத்து யாது என்று வினவினால், பங்குத் தொகை, சேமநிதி, கட்டடம், நூலிருப்பு, சரக்கிருப்பு என்று ஐந்தொகையைப் பார்த்து விடை கூறிவிடலாம். ஆயினும் ஐந்தொகையில் இடம்பெறாத சொத்து ஒன்று உண்டு. சங்கத்தைப் பற்றிய செய்தியே அது. கிடங்கில் எத்தனை சேலை தேங்கியிருக்கிறது, எவ்வளவு கடன் தவணை கடந்து நிற்கிறது, சந்தையில் எந்தச் சரக்குக்கு என்ன விலை என்பனவெல்லாம் அச்சொத்தைச் சேர்ந்தவை. பணப்பெட்டிக்கு இரட்டைப் பூட்டுப் போட்டுக் காக்கும் சங்கங்கள் பல, இந்தச் சொத்தை மட்டும் ஒரே மனிதரின் நினைவில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. அவர் விடுப்பில் சென்றால் கேட்டவர்க்கு விடை கிடைப்பதில்லை. அவர் ஓய்வு பெற்றாலோ பத்தாண்டு அனுபவம் அவரோடு வீடு சென்றுவிடுகிறது.

தலைமை என்பது மேடையில் முதல் நாற்காலியில் அமர்வதன்று. சங்கத்தின் செய்தி உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையச் செய்வதே தலைமையின் முதற்பணி என்பது நம் கருத்து. விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையிலுள்ள ஆமத்தூரையும், அதைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களையும், அருப்புக்கோட்டை வட்டாரத்துத் தறிகளையும் மனத்திற்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

ஊரார் அறிவே பிணையம்

கூட்டுறவுக் கடன் இயக்கம் செய்தியைக் கொண்டே பிறந்தது. ஜெர்மனி நாட்டில் ரைபைசன் என்னும் பெருந்தகை 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்ற ஊரில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். ஏழைக் குடியானவனுக்கு நகரத்து வங்கி கடன் தரவில்லை. அடகு வைக்க அவனிடம் போதிய சொத்து இல்லை என்பது ஒரு காரணம்; அவன் எத்தகையவன் என்பது வங்கிக்குத் தெரியாது என்பது மற்றொரு காரணம். ஆனால் அண்டை வீட்டாருக்கு அது நன்றாகத் தெரியும். அவன் உழைப்பாளியா, வாங்கிய பணத்தை விதைக்குச் செலவிடுவானா, விருந்துக்குச் செலவிடுவானா என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. அந்தச் செய்தியையே பிணையமாகக் கொள்ளலாம் என்று ரைபைசன் கண்டார். ஆதலின் ஒருவரையொருவர் அறிந்தோர் வாழும் சிற்றெல்லையே சங்கத்தின் எல்லையாயிற்று.

சென்னை மாகாண அரசின் பொருட்டு ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு ஏற்றது ரைபைசன் காட்டிய வழியே என்பது அவர் கண்ட முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று.

இன்றோ ஒரு சங்கம் பல ஊர்களைத் தழுவி நிற்கிறது. அங்கத்தினர் ஆயிரக்கணக்கில் பெருகியபின் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் இயலாது. முன்பு தெருத்திண்ணை செய்த வேலையை இப்போது பதிவேடும், அறிவிப்புப் பலகையும், மகாசபையும் செய்யவேண்டியிருக்கிறது. அவை செய்யாவிடில், சங்கம் பெருத்த அளவுக்கு அங்கத்தினர் அறிவு சிறுத்துவிடும்.

துண்டுக்குள் மறையும் விலை

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். இருவர் ஒரு துண்டுக்குள் கைகளை மறைத்து, விரல்களைப் பற்றி விலை பேசுவர். அருகில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் நடுவேயுள்ள இடைவெளியே தரகரின் பிழைப்பு. விளைபொருட் சந்தையில் இவ்விருளை அகற்றும் நோக்குடன்தான் 1933-இல் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது; ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் அதன் வழியே தோன்றின. சரியான எடை, வெளிப்படையான விலை, கண்டபடி பிடித்தம் செய்யாமை ஆகியவையே அவற்றின் உயிர். 2016 ஏப்ரலில் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையும் இதே நோக்கத்தின் புதிய வடிவம்தான்.

குஜராத்து மாநிலத்துக் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்கள் கறந்த பால் பம்பாய் நகரில் என்ன விலைக்கு விற்கிறது, அதில் தமக்குச் சேரவேண்டிய பங்கு எவ்வளவு என்பன அவர்கள் கைக்கு எட்டாதவையாய் இருந்தன. 1946 ஜனவரியில் சமர்கா என்னும் சிற்றூரில் கூடி, தம் சொந்தச் சங்கத்துக்கே பால் ஊற்றுவதென்று முடிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மாவட்டப் பால் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். 1949-இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் பின்னர் அதன் மேலாளரானார். ஊற்றிய பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அறிந்து, அதற்கேற்ப விலை கொடுக்கும் முறை அங்கு வேரூன்றியது. தம் பாலுக்கு இன்ன தரம், அதனால் இன்ன விலை என்று அறிந்த உற்பத்தியாளரை வேறொருவர் எளிதில் கலைக்க இயலாது. தலைவர் அங்கத்தினரின் நம்பிக்கையைக் காத்தார். மேலாளர் தொழில் நுட்பத்தையும் சந்தையையும் கவனித்தார். ஒருவர் அறிந்ததை மற்றவரிடமிருந்து மறைக்காமையே இருவர் வெற்றிக்கும் அடிப்படை என்று கொள்ளலாம்.

வெளிச் செய்தியைத் தேடிச் சென்றோர்

ஆமத்தூரார் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. மழை பொய்த்த வானம் பார்த்த பூமியான சிவகாசியிலிருந்து 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அவர்கள் கொணர்ந்த பெருமுதல் தொழிலறிவே. அது அவர்களோடு நின்றிருந்தால் ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கும். உறவிலும் ஊரிலும் பரவியதால் ஒரு வட்டாரமே தொழில் நகரமாயிற்று.

உறவு வழியே செய்தி பரவுவது தனியார் தொழிலுக்குப் போதும். கூட்டுறவுக்கு அது போதாது. உறவு இல்லாத அங்கத்தினருக்கும் செய்தி சமமாகச் சேரவேண்டும். 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தொடக்கச் சங்கங்களின் துணிகளை நகர மக்களிடம் கொண்டுசெல்கிறது. எந்தக் கரை விரைவில் விலைபோகிறது, எந்த நிறம் தேங்குகிறது என்பது விற்பனை நிலையத்தில் நிற்பவர் அன்றாடம் காணும் செய்தி. அது தறிக்குழியில் அமர்ந்திருப்பவரை அடையப் பருவம் கடந்துவிட்டால், பண்டிகை முடிந்தபின் பண்டிகைச் சேலை நெய்த கதையாகும். செய்தி எதிர்த் திசையிலும் செல்லலாம். நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய சீட்டுகளைக் கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலைகளில் இணைத்ததுண்டு. உடுப்பவர் நெய்தவரை அறிந்தார்.

இருப்பு ஏடு பேசும் மொழி

ஒரு நெசவாளர் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் அறுபது தறிகள். தறிக்கு வாரம் இரண்டு சேலை வீதம் 120 சேலைகள் வருகின்றன. விற்பனையோ வாரம் 90. முதல் வாரத்தில் 30 சேலை மிஞ்சினால் எவரும் கவலைப்படமாட்டார். 13 வாரங்களில் அது 390 சேலைகளாகிறது. சேலை ஒன்றின் அடக்கவிலை ரூ.1,500 என்றால், ரூ.5,85,000 கிடங்கில் உறங்குகிறது. நூல் வாங்கப் பணமில்லை. பாவு வழங்குவது தாமதமாகிறது. பிறகு கூலி நிற்கிறது. அன்றுதான் நெசவாளர் சங்க வாயிலில் கூடிக் காரணம் கேட்கின்றனர். இருப்பு ஏடு மூன்று மாதங்களாக இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதனைத் தணிக்கையாளருக்காக எழுதினார்களேயன்றித் தமக்காகப் படிக்கவில்லை.

ஐந்தாம் வாரத்திலேயே இச்செய்தி குழுவின்முன் வந்திருந்தால், தேங்கும் ரகத்தைக் குறைத்து வேறு ரகத்துக்குப் பாவு மாற்றியிருக்கலாம். காலம் தவறிய செய்தி பிரேத விசாரணைக்கே பயன்படும். ஆகவே மாதந்தோறும் ஐந்து எண்களைத் தலைவர் கேட்டு வாங்கவேண்டும்: உற்பத்தி, விற்பனை, இருப்பு, வரவேண்டிய பாக்கி, கையிலுள்ள ரொக்கம். வேளாண் கடன் சங்கமாயின், வழங்கிய பயிர்க்கடன், தவணை கடந்த கடன், உர இருப்பு, வைப்புத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். அவற்றைச் சென்ற மாதத்து எண்களோடு பக்கத்தில் பக்கம் எழுதி, எவரும் படிக்கும் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். ஐம்பது பக்க அறிக்கையைக் காட்டிலும் இந்த ஒரு தாள் பயன் மிகுந்தது. செய்திப் பெருக்கமும் ஒருவகை மறைப்பே என்பதை மறத்தலாகாது.

கெட்ட செய்திக்கு நாற்காலி இடுக

மேலிருந்து கீழே செய்தி செல்வதைவிடக் கீழிருந்து மேலே செல்வது அரிது. இழப்பைச் சொன்னவரைச் சினந்து நோக்கும் தலைவரிடம் நாளடைவில் இலாபச் செய்தி மட்டுமே வரும். இழப்பு வராமல் நின்றுவிடாது. அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டுமென்று வள்ளுவர் வற்புறுத்தியதன் பொருளும் இதுவே.

பட்டாசுத் தொழிற்கூடத்து அறைகளின் சுவரில், இத்தனை பேர், இவ்வளவு வெடிமருந்து என்று வரம்பு எழுதப்பட்டிருத்தல் வேண்டுமென்பது விதி. எழுதிய எழுத்து எவரையும் காப்பதில்லை. வரம்பு மீறும்போது, ‘ஐயா, இது கூடாது’ என்று சொல்லத் துணியும் தொழிலாளியும், அதைக் கேட்டு நிறுத்தும் மேற்பார்வையாளரும் இருந்தால்தான் அவ்வெழுத்துக்கு உயிர் உண்டு. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தை இவ்வட்டாரத்தார் மறந்திலர். நம் சங்கங்களில் உயிரிழப்பு நேர்வதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு அழிவதும் சிறு துன்பமன்று. நிலுவை பெருகுகிறது, நூல் எடை குறைகிறது என்று முதன்முதல் காண்பவர் பெரும்பாலும் எழுத்தரோ, எடையாளரோ, ஒரு சாதாரண அங்கத்தினரோ ஆவார். அவர் பேச அஞ்சாத சூழ்நிலையை உண்டாக்குவது தலைவரின் கடமை. குழுக் கூட்டத்தின் முதற்பொருளாகக் குறைகளையே எடுத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு நல்ல தொடக்கமாகும்.

மறைக்கத் தக்கவை

செய்தியனைத்தையும் தெருவில் கொட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஓர் அங்கத்தினரின் வைப்புத் தொகை, அவர் வீட்டு நகையின் மேல் பெற்ற கடன் ஆகியவை அவருக்கும் சங்கத்துக்கும் உரியவை. ஏலப்புள்ளி திறக்கப்படுமுன் அதன் தொகையும் காக்கப்படவேண்டியதே. இதற்கு எளிய உரைகல் ஒன்றுண்டு: மறைப்பதால் அங்கத்தினர் காக்கப்படுகிறாரா, அதிகாரத்திலுள்ளோர் காக்கப்படுகின்றனரா? முன்னதாயின் மறைத்தல் முறை. பின்னதாயின் அது குற்றத்தின் முதற்படி.

சட்டம் கூறுவது

1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திலேயே, சட்டம், விதிகள், துணைவிதிகள், அங்கத்தினர் பட்டியல் ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் கட்டணமின்றி எவரும் பார்க்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கை வேண்டும் என்பதும் இருந்தது. நூறாண்டு கழித்து, 97-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அங்கத்தினர் தம் நடவடிக்கை தொடர்பான கணக்குகளையும் செய்திகளையும் பார்க்கும் உரிமைக்கு வழி செய்தது. மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படாமையால், மாநில எல்லைக்குட்பட்ட சங்கங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு முன்பே, 2013 அக்டோபரில், கேரளத்துத் தலப்பாலம் சங்க வழக்கில், அரசின் பெருநிதியோ முழுக் கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் நேரடி வரம்புக்குள் வாரா என்று அந்நீதிமன்றம் கூறியிருந்தது; பதிவாளர் சட்டப்படி பெறத்தக்க செய்திகளை அவர் வாயிலாகக் கேட்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்புகளைக் காட்டிச் சில நிர்வாகிகள், ‘நாங்கள் சொல்லவேண்டியதில்லை’ என்று மகிழ்வதுண்டு. இது பேதைமை. அரசு அலுவலகம் குடிமகனுக்குச் செய்தி தருகிறது. சங்கமோ தன் உரிமையாளருக்கே செய்தி தருகிறது. தம் வீட்டுக் கணக்கைத் தாம் பார்க்க ஒருவருக்கு நீதிமன்ற ஆணை தேவையா?

2022 ஜூனில் மத்திய அரசு ரூ.2,516 கோடிச் செலவில் 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கணினி விரைவைத் தரும், வாய்மையைத் தராது. தவறான எடையைக் கணினியில் ஏற்றினால் அது விரைந்து பரவும் தவறாகும். கடவுச்சொல் ஒருவரிடமே இருந்தால், பழைய பெட்டிச் சாவி புதிய உருவம் எடுத்தது என்பதைத் தவிர மாற்றம் ஏதுமில்லை.

அங்கத்தினர் கடமை

தலைவருக்குச் சொல்லியதில் பாதி அங்கத்தினருக்கும் பொருந்தும். கேளாத காதுக்குச் செய்தி சொல்வார் இல்லை. மகாசபைக்குக் கையொப்பமிட்டுத் தேநீரோடு திரும்புவோர், பின்னர் நிர்வாகத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை. அடுத்த மகாசபையில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைப் பணிவோடும் உறுதியோடும் கேட்பாராக: சென்ற ஆண்டைவிட இருப்பும் நிலுவையும் கூடியனவா, குறைந்தனவா? தணிக்கை காட்டிய குறைகளுள் எவை தீர்ந்தன? செயலாளர் நாளையே மாறினால், அவர் அறிந்தவையெல்லாம் எந்த ஏட்டில் இருக்கின்றன? இவற்றுக்கு விடை தயங்காமல் வரும் சங்கத்தில், ஆய்வாளர் வரும் நாள் எவருக்கும் அச்சம் தரும் நாளாக இராது.