3 ஒய் ஈ: இது யாருக்குப்பா எழுதினது?

ஹைதராபாத்தின் கிழக்கு ஓரத்தில் செர்லபல்லி. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகள் இருக்கும் பக்கம் என்பதால் டேங்கர் லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை. வாங்க, ஒரு பெட்ரோல் டேங்கரின் முதுகுப் பக்கம் போய் நிற்போம். பயப்படாதீங்க, சிகரெட் மட்டும் வேண்டாம்!

ஒரு மூலையை ஊன்றி நிற்கும் சிவப்புச் சதுரம், உள்ளே தீக்கொழுந்து. பக்கத்தில் ‘3 ஒய் ஈ’. அதன் கீழே ‘1203’. அதற்கும் கீழே ஒரு ஃபோன் நம்பர். சிக்னலில் பின்னால் நிற்கும் பைக்காரர் இதையே வெறித்துப் பார்ப்பார். லோடு நம்பரா, ஓனரின் ராசி எண்ணா? பச்சை விழுந்ததும் கேள்வியும் பறந்துவிடும்.

திரையை விலக்கிடுவோமா? 1203 என்பது பெட்ரோலுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் எண். டீசலுக்கு 1202. எல்.பி.ஜி.க்கு 1075. லாரி எந்த நாட்டில் ஓடினாலும், அதில் எந்த மொழி எழுதியிருந்தாலும் இந்த எண் மாறாது.

‘3 ஒய் ஈ’தான் இன்னும் ஜோர்! 1970-களில் லண்டன் தீயணைப்புப் படையில் பிறந்த ‘ஹாஸ்கெம்’ என்ற சங்கேதம் இது. மூன்றே குறிகளில் ஒரு முழு உத்தரவு. ‘3’ என்றால் நுரையை அடி. ‘ஒய்’ என்றால் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு போ, வெடிக்கக்கூடும், சிந்தியதைச் சாக்கடைக்குள் போகவிடாதே. ‘ஈ’ என்றால் சுற்றியிருக்கும் ஜனங்களை வெளியேற்ற வேண்டுமா என்று யோசி. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. பதற்றத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால், அதன் மேல் மிதந்து எரிந்தபடியே அடுத்த தெருவுக்குப் போய்விடும். சாக்கடைக்குள் இறங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நுரை.

இந்தப் பலகையின் அளவுக்குக்கூட சட்டம் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-வது விதி: பொருளின் பெயர் குறைந்தது 50 மி.மீ. உயரம், ஐ.நா. எண் 100 மி.மீ., தீக்கொழுந்துச் சதுரம் 250 மி.மீ. எதற்கு இவ்வளவு பெரிசு? படிக்க வேண்டியவர் லாரிக்குப் பக்கத்தில் வராமலே படித்தாக வேண்டும். ஆமாம், அது பைக்காரருக்கு எழுதியதே இல்லை, தீயணைப்பு வீரருக்கு எழுதியது! அவருக்கு அது குழப்பமே இல்லை.

இந்த ஒரு சாவி போதும். இனி எந்த வண்டியில் எந்தப் புரியாத குறி கண்ணில் பட்டாலும் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று மண்டையை உடைக்காமல் ‘இது யாருக்கு’ என்று கேளுங்கள். பூட்டு பாதி திறந்துவிடும்.

பக்கத்தில் ஒரு கார் நிற்கிறதா? தெலங்கானாவின் டிஎஸ், டிஜி எந்த நம்பர் பிளேட் ஆனாலும் சரி, முன்கண்ணாடியைப் பாருங்கள். குட்டியாக ஒரு ஹாலோகிராம் ஸ்டிக்கர். வெளிர் நீலம் என்றால் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி., ஆரஞ்சு என்றால் டீசல், மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம். மேலே 1 செ.மீ. பச்சைப் பட்டை ஓடினால் அது பிஎஸ்-6 வண்டி. நீலமும் ஆரஞ்சும் டெல்லிப் புகையைச் சமாளிக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிறங்கள். 2019 ஏப்ரல் முதல் புது கார்களில் நாடு முழுக்க வந்துவிட்டன. யாருக்கு? சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு. பானெட்டைத் திறக்கச் சொல்லாமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அழகாக இல்லை என்று உரித்துப் பார்த்தால் ஸ்டிக்கர் கிழிந்து போகும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

விஜயவாடா சாலையில் வனஸ்தலிபுரம் பக்கம் ஆட்டோ நகர். லாரிகளின் சாம்ராஜ்யம்! முதுகுகளில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’. இது பின்னால் வரும் ஓட்டுநருக்கு: ராத்திரியில் ஹெட்லைட்டைத் தாழ்த்து ராசா, என் கண் கூசுது. ஊரெல்லாம் பழகிப்போன இந்த வாசகத்தில் 2016-இல் ஒரு குறும்பு நடந்தது. லாரி ஓட்டுநர்களிடம் பால்வினை நோய் விழிப்புணர்வைக் கொண்டுபோக டாடா மோட்டார்ஸ் ஒரு ஆணுறைக்கு ‘டிப்பர்’ என்றே பெயர் வைத்தது. எழுத்து மாறவில்லை, சொன்ன சேதி இரண்டானது!

சரி, ஸ்டீயரிங் முன்னால் உட்காருவோம். டேஷ்போர்டுச் சின்னங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. சிவப்பு எரிந்தால் ஓரங்கட்டு, மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் கவனி. அடிப்பக்கம் பல்லிளிக்கும் வளைவும் நடுவில் ஆச்சரியக்குறியும் தெரிந்தால் அது குறுக்கே வெட்டிய டயர், காற்று குறைந்திருக்கிறது. பெட்ரோல் முள் பக்கத்தில் ஒரு பொடி முக்கோணம் தெரிகிறதா? டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. ஃபோர்டில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986-இல், மழையில் தப்பான பக்கம் வண்டியை நிறுத்தி நனைந்த கையோடு எழுதிக் கொடுத்த யோசனை. 1989 மாடல்களில் வந்தே விட்டது. அது பங்க்கில் நிற்கும் யாருக்கும் பொது.

கடைசியாக, தலைக்கு மேல் இருக்கும் சன் வைசர். இடது பக்கத்ததை இறக்குங்கள். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை, பொங்கி வரும் ஏர்பேக், மேலே சிவப்புக் குறுக்குக்கோடு. ஏர்பேக் விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த வேகத்தில் அது குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் பலகையில் மோதும். 2021 ஏப்ரல் முதல் புது மாடல் கார்களில் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம் என்பதால், பக்கத்து சீட்டிலோ மடியிலோ பாப்பாவை வைத்துக்கொண்டு டேங்க் பண்ட் ஏரிக்கரைக்குக் கிளம்புகிறவர்கள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் தீயணைப்பு வீரருக்கு, போலீஸ்காரருக்கு, பின்னால் வருபவருக்கு, ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு. இது மட்டும்தான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நேராக எழுதியது. வெயில் அடித்தால்தான் வைசரை இறக்குவோம் என்றில்லாமல், இன்றைக்கே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள். பார்த்த கையோடு பாப்பாவைப் பின் சீட்டுக்கு மாற்றிவிடுங்கள்.