உறைபனியும் கொல்ப் ஆட்டமும்

ஸ்கொத்லாந்தில் மார்கழி மாதத்துக் கதிரவன் காலை எட்டரை மணிக்குப் பின்னரே எழுகின்றான். பிற்பகல் நான்கு மணியளவில் மறைந்துவிடுகின்றான். அந்தச் சிறு பகலை வீணாக்கலாகாதென்று மட்டைகளைத் துடைத்தெடுத்துக்கொண்டு செல்லும் கொல்ப் ஆட்டக்காரனை மைதான வாயிலில் ஓர் அறிவித்தற் பலகை தடுத்து நிறுத்துகின்றது: உறைபனி காரணமாக மைதானம் மூடப்பட்டுள்ளது. வானமோ தெளிந்திருக்கின்றது, மழையில்லை, காற்றுமில்லை. பின் ஏன் ஆடலாகாது என்று அவன் மனம் நொந்து திரும்புகின்றான்.

காரணம் புல்லில் இருக்கின்றது. புல்லின் இலையிற் பெரும்பங்கு நீரேயாகும். மேகமற்ற இரவின் கடுங்குளிரில் அந்நீர் உறைய, இலை கண்ணாடிபோல் நொறுங்கத்தக்கதாகிவிடும். அதன்மேற் காலடி பட்டால் உள்ளிருக்கும் உயிரணுக்கள் உடைகின்றன. அன்று ஒன்றும் தெரியாது. சில நாள்களின் பின்னரே நடந்து சென்றவரின் அடிச்சுவடுகள் கருகிய தழும்புகளாக வெளிப்படும். குளிர்காலத்திற் புல் வளர்வது அரிதாதலால் அத்தழும்பு மாறப் பல வாரங்கள் செல்லும். நுவரெலியாவில் உறைபனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பனி உருகும் வேளை இன்னும் பொல்லாதது. மேல்மண் இளகியிருக்க அடிமண் உறைந்தே கிடக்கும். அப்போது நடந்தால் மேல்மண் நழுவி வேர்கள் அறுந்துபோகும். ஆகவே, குழியைச் சூழ்ந்து கம்பளம்போற் கத்தரிக்கப்பட்ட புற்றரையை மூடிவிட்டு, வேறோரிடத்தில் தற்காலிகக் குழி தோண்டிக் கொடுப்பதுமுண்டு. அதில் ஆடுவது உண்மையான ஆட்டமன்று என்பது பழகியவர்களின் முணுமுணுப்பு.

கடலோர மணல்நிலத்தில் அமைந்த சென் அன்ட்ரூஸ் நகரின் பழைய மைதானத்தில் மழைநீர் விரைவில் வடிந்துவிடுவதால் குளிர்காலத்திலும் ஆட்டம் நடைபெறுகின்றது. எனினும், புல்லைக் காக்கும்பொருட்டு, சிறு பாய்த்துண்டொன்றை எடுத்துச்சென்று பந்தை அதன்மேல் வைத்து அடிக்கவேண்டும்.

வசதி படைத்தோர் வெப்பமான இடங்களை நாடிச் சென்றனர். பிரான்சின் தென்பகுதியிலுள்ள போ நகரிற் குளிர்காலத்தைக் கழிக்க வந்த பிரித்தானியர் 1856ஆம் ஆண்டில் அங்கே ஒரு கொல்ப் கழகத்தைத் தொடங்கினர். ஐரோப்பியப் பெருநிலத்தில் அதுவே முதலாவது. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பைன்ஹேர்ஸ்ட் 1895இற் குளிர்கால வாசத்தலமாகவே நிறுவப்பட்டது. போக்கிடமில்லாதவர்களுள் ஒருவர், எழுத்தாளர் றட்யார்ட் கிப்ளிங். 1890களில் வேர்மொண்டில் வாழ்ந்தபோது அவர் பந்துகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி வெண்பனியின்மேல் ஆடினார். வர்ணம் பூசினாற் பந்து கண்ணுக்குப் புலப்படும். சறுக்கிக்கொண்டே ஓடும் பந்தை நிறுத்த வர்ணத்தால் இயலாது.

கோடைக்காக ஏங்கும் இந்த ஆட்டக்காரனின் முன்னோர் குளிர்காலத்துக்காகக் காத்திருந்தனர் என்றால் நம்புவது கடினம். ஆயினும் செய்தி உண்மையே. புல்வெட்டும் இயந்திரம் இல்லாத காலத்திற் கோடையிற் புல் தழைத்து உயர்ந்து பந்தை விழுங்கிவிடும். ஆடுகளும் முயல்களும் மேய்ந்து, குளிரில் வளர்ச்சி நின்று, புல் கட்டையான பின்னரே பந்து உருண்டது. ஆதலாற் கொல்ப் பெரும்பாலும் குளிர்கால விளையாட்டாகவே இருந்தது. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் படிங், ஆலையிற் கம்பளித் துணியின் மயிரைச் சீர்செய்யும் பொறியைக் கண்டு, அதே முறையிற் புல்வெட்டும் இயந்திரத்தை ஆக்கினார். நாளடைவில் அது மைதானங்களை அடைய, கோடைக்காலமும் கொல்ப் ஆட்டத்துக்கு உரியதாயிற்று.

வாயிலிலிருந்து திரும்பியவன் இப்போது வீட்டில், விரிப்பின்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைச் சாய்த்துவைத்து, அதனுள்ளே பந்தைத் தட்டிப் பழகுகின்றான். இடையிடையே சன்னலண்டை சென்று புல்லின் நிறத்தைப் பார்த்து வருகின்றான். பங்குனி முடியும்வரை அவனுக்கு இதுவே மைதானம்.