நடுப்பெயர் சூட்டல்

திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கித் தந்த போப்பையரைத் தமிழ் பயின்றார் யாவரும் அறிவர். அவர்தம் பெயரை ஜி. யு. போப் என்றே எழுதியும் கூறியும் வருகின்றோம். முன்னெழுத்து 'ஜார்ஜ்' என்பதன் குறுக்கம் என்பது பலர்க்குத் தெரியும். இடையில் நிற்கும் 'யு' யாது? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால் விடையிறுப்பார் ஒருவரோ இருவரோதாம். அது யூக்ளோ என்பது. 1820ஆம் ஆண்டு கனடாவைச் சார்ந்த பிரின்ஸ் எட்வர்ட் தீவில் அவரை ஈன்றெடுத்த கதரீன் அம்மையார் பிறந்த குடியின் பெயர் அது. தந்தையின் குடிப்பெயர் இறுதியில் தலை நிமிர்ந்து நிற்கத் தாயின் குடிப்பெயர் நடுவே ஒதுங்கி நிற்கின்றது. அவ்வம்மையாரை ஒருபோதும் கேள்வியுறாத நம் சிறார் அவர் குடியை நாடோறும் ஓரெழுத்தாக உச்சரித்து வருகின்றனர்.

இதனை நினைக்கச் செய்தது ஒரு கடிதம். இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்க நாட்டினின்று எழுதியிருந்தார். அவர்க்கு ஆண் குழவி பிறந்துள்ளது. மருத்துவமனையார் தந்த தாளில் பெயர்க்கென மூன்று கட்டங்கள் உள்ளன. முதற் கட்டத்திற்குரிய பெயரில் கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டனர். இறுதிக் கட்டத்திற்குத் தந்தையின் பெயர் உண்டு. நடுக்கட்டமே வழக்கிற்கு இடமாயிற்று. ஊரிலுள்ள அவர் தாயார், தம் கணவர் பெயரையே ஆங்கு இடுதல் வேண்டும் என்று பிடிவாதமாய் இருந்தார். மனைவியின் தந்தையோ ஆண் மக்கள் இன்றி, அவ்வாண்டிற்றான் காலஞ்சென்றவர். 'என் தகப்பனார் பெயர் அவரோடு மண்ணுக்குள் போய்விடுமோ' என்று அவ்விளம்பெண் கண்ணீர் விடுகின்றாள் என்றும், செய்யத்தக்கது இன்னதென ஒரு வரி எழுதவேண்டும் என்றும் நண்பர் கேட்டிருந்தார். அஃது ஒரு வரியில் அடங்கும் பொருளாகத் தோன்றவில்லை.

நடுப்பெயர் இடுதல் ஆங்கிலர்க்கும் தொன்றுதொட்ட வழக்கமன்று. பதினேழாம் நூற்றாண்டிற்கு முன் அன்னோருள் இருபெயர் பூண்டு, அவற்றின்மேல் குடிப்பெயரும் தாங்கினோர் மிக அரியர். ஷேக்ஸ்பியர், மில்டன், பனியன், நியூட்டன் ஆகிய அனைவரும் நடுப்பெயர் இல்லாதவரே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் ஐந்து குடியரசுத் தலைவருள்ளும் நடுப்பெயர் உடையார் ஒருவரும் இலர். ஆறாமவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் என்பாரே அதனை முதலில் தாங்கியவர். அவர் பெற்ற விதம் கேட்கத்தக்கது. அவர் 1767ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். அப்பொழுது அவர் அன்னையின் பாட்டனார் ஜான் குவின்சி என்னும் முதியவர் மரணப்படுக்கையில் இருந்தார். அம்முதியவரின் மகளார், அதாவது குழவியின் தாய்வழிப் பாட்டியார், தம் தந்தையின் பெயரைக் குழவிக்கு இடுமாறு வேண்டிக்கொண்டார். பெயரும் இடப்பட்டது. ஓரிரு நாளில் முதியவர் கண் மூடினார். பிற்காலத்தில் ஆடம்ஸ் தம் பெயரின் இவ்வரலாற்றை நெஞ்சுருகி எழுதி வைத்துள்ளார். ஒரு மகள் தன் தந்தைக்குச் செய்த கடன் அந்நாட்டின் வரலாற்றில் ஏறிவிட்டது.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் கூறுதல் வேண்டும். 1884ஆம் ஆண்டு மிசௌரி நாட்டில் பிறந்த ஹாரி எஸ். ட்ரூமன் என்பார் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். அவர் பெயரின் நடுவிலுள்ள 'எஸ்' எப்பெயரின் குறுக்கமும் அன்று. ஒரு பாட்டனார் பெயரில் 'ஷிப்' என்பது இருந்தது. மற்றைப் பாட்டனார் சாலமன். எவர் மனமும் நோகாதிருக்க இருவர்க்கும் பொதுவாக ஓரெழுத்தை மட்டும் இட்டு அமைந்தனர் பெற்றோர். வழக்குத் தீர்ந்தது மெய்யே. ஆயினும் இரு பாட்டன்மாருள் எவரும் பேரனிடம் தம் பெயரைக் கண்டாரல்லர். இத்தகைய சமரசம் நமக்கு உவப்பாயில்லை.

நம் மொழியை நோக்குவோம். மகனுக்கு மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதே பேரன் எனத் திரிந்தது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் இடுதல் பல குடும்பங்களில் வழங்கி வந்த முறை. மக்களைப் பலராகப் பெற்ற காலத்தில் இம்முறை யார்க்கும் குறை வைக்கவில்லை. ஒரு மகவோடு நிற்கும் இக்காலத்தில் இரண்டாம் மகனுக்கென வைத்த பெயர் எங்கே செல்லும்? நடுப்பெயர் என்னும் இடம் நமக்குப் பயன்படுவது ஈண்டுத்தான் என்க.

கிறிஸ்தவத் தமிழர்க்கு நடுப்பெயர் புதிதன்று. ஆயினும் அது வந்து சேர்ந்த வழிகள் பலவாம். இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணபிள்ளையவர்கள் 1858ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றபோது ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர்களை ஏற்றனர். இன்று அவ்விரண்டும் இரண்டெழுத்தாய்ச் சுருங்கின. பெற்றோர் இட்ட பெயரே நின்று நிலவுகின்றது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் பள்ளிகளில், கடல் கடந்து பொருளுதவி செய்தோர் தாம் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தமக்கு உகந்த பெயரை இடும் உரிமை பெற்றிருந்தனர். அவர்தம் உதவியால் கல்வி தழைத்ததை நாம் மறுப்பவரல்லேம். எனினும் பிள்ளையின் பெயர் அக்கொடைக்கு ஈடாகச் சென்றதை நினைக்குங்கால் உள்ளம் சிறிது சுருங்குகின்றது. அப்பெயர்க்குரியார் யாவர் என்பதை அப்பிள்ளையின் பேரர் அறிவரோ? ஈழத்துத் தலைவர் செல்வநாயகம் அவர்கள் பெயரோ வேறு வகையினது. சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் என்னும் அத்தொடரின் நடுவில் தந்தையார் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை முழுமையாக வீற்றிருக்கின்றார். தஞ்சையில் 1892ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பார், குடும்பத்தின் பழம் பெயராகிய குமரப்பா என்பதைப் பிற்காலத்தில் மீட்டுக்கொண்டார். காந்தியடிகளின் பொருளியல் துணைவரான ஜே. சி. குமரப்பா அவரே. தொலைந்த பெயரை நடுவயதில் தேடிச் சென்று எடுத்துக்கொண்டார் என்பது கருதற்பாலது.

இனி நடைமுறைக்கு வருவோம். நடுப்பெயர் என்றும் நடுவிலேயே அடங்கிக் கிடக்கும் என்று எண்ணற்க. தாமஸ் உட்ரோ வில்சன் வளர்ந்தபின் தாமஸ் என்பதை விடுத்துத் தம் தாயின் குடிப்பெயராகிய உட்ரோ என்பதையே முன்னிறுத்தி உலகறிய வாழ்ந்தார். ஆகவே தனித்து அழைத்தற்கும் ஏற்ற பெயராக அஃது இருத்தல் நன்று. பட்டங்களையும், அவ்வாண்டிற் புகழ் பெற்றார் பெயர்களையும் ஆங்கு அடைத்தல் வேண்டா. புகழ் மாறும், சிறுவன் அதனைச் சுமந்து திரிவான். மூன்று பெயரையும் வாய்விட்டுப் பன்முறை சொல்லிப் பார்த்தலும் இன்றியமையாதது. 'ராஜா' என்பதன் பின் 'ஆபிரகாம்' வந்தால் ஓர் ஆகாரம் மற்றதை விழுங்கிவிடும். இலக்கண நூலார் உடம்படுமெய் வகுத்தது வீணன்று. முதற்பெயர் குறுகியதாயின் நடுப்பெயர் நீண்டு ஒலித்தல் செவிக்கு இனிது.

நம் நாட்டுக் கடவுச்சீட்டில் நடுப்பெயர்க்கெனத் தனி இடம் இல்லை. குடிப்பெயர்க்கு ஓரிடமும் இட்ட பெயர்க்கு ஓரிடமுமே உண்டு. நடுப்பெயரை முதற்பெயரோடு சேர்த்து எழுதுவர். பெயர் முழுவதையும் குடிப்பெயரிடத்தே எழுதிவிட்டு அமெரிக்கா செல்லும் மாணவர்க்கு, அந்நாட்டு அனுமதித் தாளில் முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள்படும் மூன்றெழுத்தே பெயராய் அமைந்துவிடுகின்றது! வேறு சிலரை ஆங்குள்ள ஆசிரியர் தந்தையின் பெயரால் அழைக்கின்றனர். ஊரில் தந்தையின் பெயரை முன்னெழுத்தாக மட்டும் எழுதிப் பழகியவர்க்கு இது பெருங் கூச்சத்தைத் தருகின்றது. எனவே குழவியின் பிறப்புப் பதிவிலேயே நடுப்பெயரை முழுமையாக, ஒரே எழுத்துக்கூட்டலோடு எழுதுதல் வேண்டும். விரைவும் வேண்டுவதன்று. இந்தியாவில் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்.

நண்பர்க்கு நான் எழுதிய விடை இது: 'தங்கள் தந்தையார் நலமாக இருக்கின்றார். பேரனை மடிமீது இருத்தித் தம் பெயரைத் தாமே அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வல்லவர். தங்கள் மாமனார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நடுக்கட்டத்தில் அவர் பெயரை எழுதுக. எழுத்தாகக் குறுக்காமல் முழுதும் எழுதுக. அவர் இன்னார், இவ்வாறு வாழ்ந்தார் என்பதைப் பையனுக்குச் சொல்லி வளர்க்கும் கடனையும் தாங்களே ஏற்றுக்கொள்க. அன்றேல் அது போப்பையரின் யூக்ளோவைப் போல எவரும் வினவாத ஓரெழுத்தாகிவிடும்.'

இரு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. அவ்வாறே எழுதிவிட்டாராம். தாயார் சில நாள் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். இப்பொழுது அவ்வம்மையார் நாள்தோறும் தொலைபேசியில் பேரனைத் 'துரை' என்று கொஞ்சுகின்றாராம். கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சார்ந்தவராதலின், நடுக்கட்டத்தில் எது எழுதப்பட்டிருப்பினும் அவர் 'துரை' என்றே அழைத்திருப்பார் போலும்.