உங்களுக்குத் தெரியுமா? மலிவுக் கைபேசியின் மறுஜன்மம்
கணினி விஞ்ஞானத்தைத் தமிழில் சுவைபட எழுதிய ஸ்ரீரங்கத்துச் சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரியில். முதல் ஆண்ட்ராய்டு கைபேசி விற்பனைக்கு வந்ததோ அவ்வாண்டு அக்டோபரில். அந்த ஆண்ட்ராய்டுடன் மலிவுக் கைபேசியொன்று பின்னாளில் இட்ட போட்டியைக் கண்டிருப்பின் அவர் பரிகசிக்காமல் விட்டிருக்கமாட்டார்! 2014-இல் 1,999 ரூபாய்க்கு வந்த இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ், ஃபயர்பாக்ஸ் இயங்குதளத்தையும், 128 எம்பி நினைவகத்தையும், மூன்றரை அங்குலத் திரையையுமே மூலதனமாகக் கொண்டு, ஒரு ஜிபி நினைவகத்துடன் 6,399 ரூபாய்க்கு விற்ற ஆண்ட்ராய்டு ஒன் கைபேசிகளின் காலத்தில் களமிறங்கியது சாகசமே எனினும், திருச்சி சிங்காரத்தோப்பானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் கைபேசிக் கடைகளில் “வாட்ஸ்அப் உண்டா?” என்றே முதலில் வினவும் ஜனங்களிடம், அதிகாரபூர்வமான வாட்ஸ்அப் இல்லாத அத்தளம் எடுபடவில்லை. ஆயினும் அதன் வித்து, கைஓஎஸ் என்ற நாமத்துடன் 2017-இல் ஜியோபோனில் புனர்ஜன்மம் எடுத்து, மறுவருஷம் வாட்ஸ்அப்பையும் பெற்றுக்கொண்டது.