சிறுநீரகத்தை நம்பாத மயக்க மருந்து

மலேசியாவில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸில் வாழ்கிறார்கள். முதன்மைக் காரணம் நீரிழிவு. ஜார்ஜ்டவுனிலும் வாரம் 3 முறை, சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு கழிப்பவர்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் அவர்களுக்கு மறுவாழ்வு. நாட்டின் முதல் மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. இத்தகைய அறுவையில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருத்துவரின் பொறுப்பு மிகப் பெரியது.

நாம் செலுத்தும் மருந்துகள் பலவற்றை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது செயலிழந்தவருக்கு மார்ஃபின் கொடுத்தால், அதன் சிதைபொருள் உடலில் தேங்கி மூச்சை மந்தமாக்கும். பெத்திடினின் சிதைபொருள் வலிப்பையே வரவழைக்கும். ஆகவே வலிக்கு ஃபென்டனில். தசைகளைத் தளர்த்த அட்ராகுரியம் அல்லது சிஸ்அட்ராகுரியம். இவை உடல் வெப்பத்திலும் ரத்தத்தின் காரத்தன்மையிலும் பெருமளவு தாமாகவே சிதைந்துவிடும். சிறுநீரகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பொட்டாசியம் இன்னொரு கவலை. அது ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். சக்சமெத்தோனியம் என்ற தளர்த்தி அதை மேலும் ஏற்றும். அறுவைக்கு முன் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் டயாலிசிஸும் செய்வது அதனால்தான். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடமாட்டார்கள், ரத்த அழுத்தப் பட்டையும் கட்டமாட்டார்கள்.

புதிய சிறுநீரகம் அடிவயிற்றில், இடுப்புக்குள் ஓடும் ரத்தக் குழாய்களோடு இணைக்கப்படுகிறது. பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. ரத்தக் குழாய்களைப் பிடித்திருந்த கவ்விகளைத் தளர்த்தியதும் சாம்பல் நிறத்தில் கிடந்த உறுப்பு இளஞ்சிவப்பாகி விறைக்கிறது. சிலருக்கு மேசையிலேயே சிறுநீர் சுரக்கிறது. நரம்புத் தொடர்பு அறுந்த அந்த உறுப்புக்கு வேண்டிய ரத்தம் நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பொறுத்தே கிடைக்கும். டயாலிசிஸ் காலம் முழுக்கத் தண்ணீரை அளந்து குடித்தவருக்கு, இப்போது சிரை வழியே தாராளமாகத் திரவம் ஏற்றி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறார் மயக்க மருத்துவர். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும்; குறைந்தால் புதிய உறுப்பு வாடும்.

எந்தத் திரவம் என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் பெற்ற சுமார் 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. சாதாரண உப்புநீர் பெற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கு முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டது. உப்புகள் சமன் செய்த திரவம் பெற்றவர்களில் 30 சதவீதம்தான்.

அறுவைக்குச் செல்பவர்கள் கடைசி டயாலிசிஸ் எப்போது, உலர் எடை (உடலில் மிகை நீர் இல்லாதபோது உள்ள எடை) எவ்வளவு, என்னென்ன மாத்திரைகள், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்ற நான்கையும் மயக்க மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் மருந்தையும் திரவத்தையும் கணக்கிடுவது இவற்றை வைத்துத்தான்.