உங்களுக்குத் தெரியுமா? பல்லி எச்சிலும் இனிப்புநீர் ஊசியும்

மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. இங்குள்ள மருந்துக்கடைகளிலும் கேட்கப்படும், இனிப்புநீருக்கான ஓஸெம்பிக் ஊசியின் மூத்த உறவான எக்ஸெனடைட், அமெரிக்கப் பாலைவன ஹீலா பல்லியின் எச்சிலிலிருந்து கிடைத்த துப்பால் உருவானது. 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஓஸெம்பிக்கில் உள்ள செமாகுளுடைட் சர்க்கரையைக் குறைக்கும், பசியைத் தணிக்கும். அதையே கூடுதல் அளவில் வாரம் ஒருமுறை போட்ட, இனிப்புநீர் இல்லாத எடை மிகுந்தவர்களுக்கு ஓர் ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. ஆனால் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். பித்தப்பைக் கல் வரலாம், அரிதாகக் கணைய அழற்சியும். நிறுத்தினால் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

பழைய இனிப்புநீர் மாத்திரையான மெட்ஃபார்மினையும் மறக்க வேண்டாம்: நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அதை எடுக்கும் சைவ உணவுக்காரர்களே, அடுத்த முறை கிளினிக் போகும்போது பி12 அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி வாங்கவே வாங்காதீர்கள்.