ரோஸ் ஆடும்போது காலைப் பாருங்கள்

நசரத்பேட்டையில் பெங்களூரு சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு அங்கேதான் விடியும். போன வாரம் அக்கா மகனும் கூட வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். டீயை வாங்கி வைத்ததும் கேட்டான்: "மாமா, ஸ்போர்ட்ஸ் படம்னா கடைசில ஹீரோதான் ஜெயிக்கப் போறான். தெரிஞ்சே எப்படி அதை உக்காந்து பாக்குறீங்க?"

நல்ல கேள்வி. எனக்கும் பல வருடமாக மனதில் ஓடுகிற கேள்விதான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், எல்லாப் படத்திலும் ஹீரோ ஜெயித்துவிடுவதில்லை. 2009இல் வந்த 'வெண்ணிலா கபடி குழு'வில் மாரிமுத்து இறுதி ஆட்டத்தில், களத்திலேயே உயிரை விடுகிறான். 'சென்னை 600028'இல் தெரு டீமை ஊதித் தள்ளுவது பள்ளிக்கூடத்துப் பையன்கள். சரி, ஜெயிக்கிற படங்களையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வட மாவட்டங்களில் பாரதக் கூத்து நடக்கும். பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதற்காக யாராவது பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்களா? முடிவு தெரிந்திருப்பது ரசிப்புக்குத் தடையே இல்லை. எப்படி விழப்போகிறான் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த 'எப்படி'யில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல விளையாட்டுப் படம் கடைசி ஆட்டத்துக்கு முன்னாலேயே நம் கண்ணைப் பழக்கிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்கும். அப்புறம் அந்த நுணுக்கத்தின் மேலேயே மொத்த ஆட்டத்தையும் நிறுத்தும். 2001இல் வந்த 'லகான்' இதற்கு ஒரு பாடப் புத்தகம். கிரிக்கெட்டே தெரியாத கிராமத்துக்கு அது நம்ம கில்லிதாண்டல் மாதிரிதான் என்று நாயகன் புவன் சொல்லிப் புரியவைக்கிறான். அவர்கள் கற்றுக்கொள்ளும்போது, ஆட்டம் தெரியாத பாட்டியும் தியேட்டரில் சேர்ந்து கற்றுக்கொள்கிறாள். அந்த டீமில் கச்ரா என்பவன் ஊனமுற்ற கையால் வீசும் பந்து சுழல்கிறது. ஆட்டத்தன்று அவன் முதலில் வீசும்போது சுழல மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அது புதுப் பந்து. அந்தக் காரணம் பிடிபட்ட பிறகு, பந்து பழசானதும் அவன் மறுபடி வீச வரும்போது, யாரும் சொல்லாமலே நாம் நிமிர்ந்து உட்காருகிறோம்.

நம் தமிழில் இதை எல்லாவற்றிலும் அழகாகச் செய்தது 'சார்பட்டா பரம்பரை'யில் வரும் டான்சிங் ரோஸ் சண்டை என்பேன். பா. ரஞ்சித் எடுத்த அந்தப் படம் 2021 ஜூலையில் தியேட்டருக்கு வராமல் நேராக வீட்டுக்கே வந்தது. நாயகன் கபிலன் முறையாகக் குத்துச்சண்டை கற்றவன் இல்லை. அம்மா பாக்கியம் அந்தப் பக்கம் போகவே விடமாட்டாள். சின்ன வயதிலிருந்து ரங்கன் வாத்தியாரையும் மேடையையும் பார்த்துப் பார்த்தே கற்றவன். நம்மைப் போல அவனும் முதலில் ஒரு பார்வையாளன்தான். அதனால் அவனுடைய கண்ணை நாம் சுலபமாக வாங்கிக்கொள்ள முடிகிறது.

அவனுக்கு எதிரே ரோஸ் வந்து நிற்கிறான். நிற்கிறான் என்று சொல்வதுகூடத் தப்பு. கையைத் தொங்கப் போடுகிறான், இடுப்பை ஒடிக்கிறான், பின்னால் சாய்கிறான், கால் தரையில் தங்குவதே இல்லை. கபிலன் விடுகிற குத்தெல்லாம் காற்றோடு போகிறது. நாமும் ரோஸின் முகத்தைப் பார்க்கிறோம், கையைப் பார்க்கிறோம், ஒன்றும் பிடிபடவில்லை. இங்கே டீ கிளாஸை நகர்த்திவிட்டு மருமகனுக்கு எழுந்தே காட்டினேன். குத்தின் பலம் தோளில் பிறப்பதில்லை. ஊன்றிய காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வருகிறது. எவ்வளவுதான் ஆடினாலும், பலமாக ஒரு குத்து விட வேண்டுமென்றால் ரோஸும் ஒரு கணம் காலை ஊன்றியே ஆகவேண்டும். அந்த ஆட்டத்துக்குள் ஒரு தாளம் இருக்கிறது. கபிலன் அதைப் பிடிக்கும்போது நாமும் கூடவே பிடிக்கிறோம். ரோஸாக நடித்த ஷபீரைக் கதாநாயகனுக்குச் சமமாக ஜனங்கள் கொண்டாடினார்கள் என்றால், எதிராளியின் திறமையைப் படம் துளிகூடக் குறைக்காமல் காட்டியதுதான் காரணம். எதிராளி சப்பையாக இருந்தால் வெற்றிக்கு ருசி ஏது?

'இறுதிச்சுற்று' பார்க்கும்போதும் காலைப் பாருங்கள். ரித்திகா சிங் நிஜமாகவே களத்தில் சண்டை போட்டு வந்தவர். அவர் நிற்கிற நிலையே அதைச் சொல்லிவிடும்.

"அப்ப நம்ம ஏரியாவுல எடுத்த பிகில்?" என்றான். அவன் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கடைக்குப் பக்கத்தில் இருக்கிற ஈவிபி பிலிம் சிட்டியில்தான் 2019இல் அந்தப் படத்துக்குக் கால்பந்து அரங்கத்தையே செட்டாகப் போட்டார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒரு மைதானம் எழும்பியதில் எனக்கு உண்மையிலேயே பெருமை. ஆனால் படத்தில் என் மனம் ஒட்டியது அப்பா ராயப்பனிடம்தான், பந்திடம் இல்லை. டீமில் ஆடிய பெண்கள் ஒவ்வொருவரின் துயரமும் எனக்குத் தெரிந்திருந்தது. பந்தை இடப்பக்கம் கொடுத்தால் ஏன் கோல் விழும் என்பது மட்டும் தெரியவில்லை. கண் பழகவில்லை. அதனால் கோல் விழுந்தபோது சந்தோஷப்பட்டேன், ஆனால் விழுவதற்கு முந்தைய நொடியில் எனக்கு மூச்சு நிற்கவில்லை. இது என் குறையாகவும் இருக்கலாம்.

கண்ணைப் பழக்குவதில் ஆட்டத்தைச் சுருக்கும் வேலையும் சேர்ந்திருக்கிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 240 பந்து. சினிமாவில் நாற்பது காட்டினாலே அதிகம். அப்படியானால் காட்டுகிற ஒவ்வொரு பந்துக்குள்ளும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். 2024இல் வந்த 'லப்பர் பந்து' அதைக் கச்சிதமாகச் செய்தது. கெத்து பூமாலையை எப்படி அவுட்டாக்கலாம் என்று அன்பு போகிறபோக்கில் சொன்ன ஒரு பேச்சு கெத்துவின் காதுக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து, அன்பு ஓடிவந்து பந்தை விடும்போதெல்லாம் அது கிரிக்கெட் பந்து மட்டும் இல்லை. ஒரு மனுஷனின் கௌரவம் அது. அந்த மனுஷனின் மகளைத்தான் அன்பு காதலிக்கிறான் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, விக்கெட் விழ வேண்டுமா கூடாதா என்று நமக்கே குழம்புகிறது. அன்புக்குச் சொந்த ஊர் டீமில் இடம் இல்லை. சாதி தடுக்கிறது. அதனால்தான் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு ஆடுகிறான். இதைத் தனியாக ஒரு பிரசங்கமாக வைக்காமல், யார் எந்த டீமுக்கு ஆடுகிறார்கள் என்பதிலேயே வைத்திருக்கிறார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து.

இதே வலியை 2014இல் சுசீந்திரன் 'ஜீவா'வில் ஒரே கை அசைவில் காட்டியிருப்பார். தேர்வுக்கு வந்த பையனின் முதுகில் ஒரு கை தட்டிக்கொடுக்கிறது. பாராட்டு என்று நினைக்கிறோம். அந்தக் கை சட்டைக்கு அடியில் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. அதற்கப்புறம் எந்தப் படத்தில் யார் யாரை முதுகில் தட்டினாலும் என் கண் அந்த விரல்களுக்குத்தான் போகிறது. படம் நம் கண்ணைப் பழக்கும் என்று சொன்னேனே, அது இப்படிக் களத்துக்கு வெளியேயும் நடக்கும்.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொன்னோம். மருமகன் போனை எடுத்து ரோஸ் சண்டையை வைத்தான். நாலு தடவை பார்த்தது என்றான், இப்போது சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காலை மட்டும் பார்த்தான். ரோஸ் ஆடினான், சாய்ந்தான், கயிற்றோரம் போனான். கபிலனின் கை கிளம்புவதற்குச் சற்று முன்னால் மருமகன் மெதுவாகச் சொன்னான்: "இப்ப."